மேலே எழும் பந்து

அமெரிக்காவில் சாஃப்ட்பால் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. பெயரில்தான் மென்மை. பந்து பெரிய விளாம்பழம் அளவு, அதே கெட்டி. ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்குள்ள பெண்கள் பின்புறத்துப் புல்வெளியில் இதை ஆடுவார்கள். ஆள் குறைந்த ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டார்கள். கையைக் கீழிருந்து வீசிப் பந்தெறிவது எனக்கு வாய்த்தது. நான் எறிவதைக் குந்தி உட்கார்ந்து பிடிப்பவள் ஹெலன், ஆஸ்பத்திரிச் சமையலறைக்காரி. ஞானம் என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை, ‘நானா’ என்றாள். ஒரு நாள் அவள், “நானா, உனக்கு ஒரு ரைஸ் பால் வேண்டும்” என்றாள். அவள் இங்கிலீஷ் சரியாகப் பிடிபடாமல், சோற்றுருண்டை கேட்கிறாள் என்று எண்ணி, மறுநாள் எலுமிச்சைச் சோற்றை உருண்டை பிடித்துக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். அவள் மறுபேச்சில்லாமல் தின்று முடித்தாள். பிறகுதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சொன்னது அரிசி என்ற ரைஸ் இல்லையாம், எழுவது என்ற ரைஸாம். அடிக்க வருகிறவளின் கிட்டே போனதும் மேலே எழும்புகிறாற்போல் வரும் பந்து. அடிக்கிறவளின் மட்டை அதற்கு அடியில் காற்றை வெட்டிவிட்டுப் போகும்.

பிடியை அவள் என் கையைப் பற்றியே காட்டினாள். ஆள்காட்டி விரலை மடக்கி அதன் நுனியைத் தையலில் ஊன்ற வேண்டும். நடுவிரல் தையலோடு படுத்திருக்க வேண்டும். கட்டைவிரல் எதிர்ப்பக்கம். உள்ளங்கை பந்தைத் தொடவே கூடாது. கை தொடையைத் தாண்டும் நேரத்தில் கதவுக் குமிழைத் திருகுவதுபோல மணிக்கட்டைத் திருகி, விரல்களைப் பந்தின் அடியோடு வெட்டி இழுக்க வேண்டும். அப்போது பந்து முன்னால் பாய்ந்தபடியே பின்னோக்கிச் சுழலும். எனக்கு வந்த சிக்கல் குமிழில்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக் கதவுக்கு இருந்தது தாழ்ப்பாளும் நாதாங்கியும். தள்ளுவோம், இழுப்போம், திருகியதில்லை. ஆகவே ஆஸ்பத்திரிக் கதவுகளில் பழகினேன். திறந்திருக்கும் கதவின் குமிழை நின்று திருகிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, பூட்டிக்கொண்டதா என்று ஒரு நோயாளி கவலையோடு விசாரித்தார்.

அப்படியும் என் பந்து எழவில்லை. ஹெலனின் காலடியில் போய்க் குத்தியது. எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்க்க, துணிகளுக்குக் குறிபோடும் மையால் பந்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்தோம். கோடு முன்னோக்கி உருண்டு போயிற்று. “இப்படி முன்னால் உருட்ட உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?” என்று கேட்டாள். “என் அக்கா” என்றேன். அவள் நம்பவில்லை. உண்மை அதுதான். ராஜபாளையத்துப் பஞ்சாலையில் எஸ்தர் அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். அறுந்த இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டி ஒட்ட வேண்டும். “ஏட்டி, முன்னால உருட்டு. பின்னால உருட்டுனா முறுக்கு அவுந்துரும்” என்பாள் அக்கா. ஆலைக்குள் ஓயாத இரைச்சல்; அதனால் என் காதைப் பிடித்து இழுத்துச் சொல்வாள். பேசுகிறபோதும் தூங்குகிறபோதும்கூட என் விரல்கள் முன்னோக்கியே உருண்டுகொண்டிருந்த காலம் அது. அக்கா ஆலையிலேயே மெக்கானிக் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். எனக்குப் பஞ்சுத்தூசு மூச்சில் ஏறியதால் ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனேன். அங்கிருந்த வெள்ளைக்கார நர்ஸ் அம்மா உடம்பு முடியாமல் ஊர் திரும்பியபோது துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். எனக்கு ஒஹையோ ஆஸ்பத்திரி வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் தம் உறவினர் வீட்டோடு தங்கிவிட்டார். இரண்டாம் உலக யுத்தம் வந்து கப்பல் வழி அடைபட்டுப்போக, நான் அந்த ஊரிலேயே நின்றுவிட்டேன்.

அக்கா பிரசவத்தில் போய்விட்டாள் என்று அத்தான் எழுதிய கடிதம் யுத்தத்தில் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தபோது, ஊரில் அவளுக்காக அழுது முடித்திருப்பார்கள். பெண் குழந்தை பிழைத்திருந்தது. எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் மைதானத்துக்குப் போனேன். ஹெலன் வழக்கம்போலக் குந்தினாள். அன்று மணிக்கட்டைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை. அக்கா பழக்கிவிட்டபடியே எறிந்தேன். எல்லாப் பந்தும் தரையில் விழுந்தது. ஹெலன் ஒவ்வொன்றையும் ஓடி எடுத்து வந்தாள். கடைசியில் விஷயத்தைச் சொன்னேன். “ஐ ஆம் சாரி” என்றாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்து, “நீ என்ன தப்பு செய்தாய்?” என்றேன். அவள் திகைத்துப்போய் என்னைக் கட்டிக்கொண்டாள். எங்கள் தெருவாக இருந்தால் பெண்கள் வந்து தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்து குரலெடுத்து அழுதிருப்பார்கள். இங்கே மறுநாள் காலை என் அறை வாசலில், மூடி போட்ட ஒரு பாத்திரத்தில் சூடாகச் சாப்பாடு இருந்தது. யாரோ கதவைத் தட்டிவிட்டு உள்ளே வராமல் போய்விட்டார்கள். அதுவும் துக்கம் கேட்பதுதான் என்று புரிய எனக்கு நாளாயிற்று.

பிறகு கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு பந்தை மேலே சுண்டிச் சுண்டிப் பிடித்தேன். தோளை விட்டுவிட்டேன், விரல் நுனியும் மணிக்கட்டும் மட்டும். மைக்கோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னோக்கித் திரும்பியது. ஆள்காட்டி விரல் நுனியில் தோல் தடித்தது. அடுத்த கோடையில் ஒரு நாள் பந்து ஹெலனின் கையுறைக்கு மேலே எகிறிப் போய் அவள் தொப்பியைத் தட்டிவிட்டது. தரையில் சரிந்த அவள் கன்னத்தில் மண்ணோடு சந்தோஷத்தில் கத்திய கத்தலில் சமையலறை ஜன்னல்கள் திறந்தன.

யுத்தம் முடிந்து கப்பல் கிடைத்ததும் ஊருக்கு வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனிலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். “ஒன் அத்தான் ஒத்தையில கெடக்காவ. அக்கா புள்ள தாயில்லாம நிக்கிது. நீயும் வந்துட்ட. பொறவு என்ன யோசன?” அத்தானை நீ கட்டிக்கொள் என்று வரும் இந்தக் கேள்விக்குப் பயந்துதான் கடல் முழுக்கத் தூக்கமில்லாமல் வந்தேன். மறுநாள், அம்மா வளர்த்துவந்த அந்தக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் போனோம். அத்தான் மெலிந்திருந்தார். குழந்தை என் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. காப்பித் தம்ளரை நான் வாங்கியபோது அவர் என் விரலைப் பார்த்தார்.

“என்ன ஞானம், காய்ப்புக் காய்ச்சிருக்கு? அங்கயும் மில்லு வேலையா?”

“இல்லத்தான். பந்து எறிஞ்சது.”

“பந்தா? பொம்பளப் புள்ளையளா?” என்ற அம்மாவுக்கு முகம் சுருங்கியது. அத்தானுக்கோ பார்த்தே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. கையோடு கொண்டுவந்திருந்த பெட்டியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு, ஆலைக்காரர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னாலிருந்த பொட்டலுக்குப் போனோம். அவர் ஒரு சாக்கை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு ஹெலன்போலவே குந்தினார். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை மறந்து பார்த்தார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எறிந்தேன். அவர் கையைத் தாழ வைத்தார். பந்து அதற்கு மேலாக ஏறித் தோளில் இடித்தது. தோளைத் தேய்த்துக்கொண்டே அவர் சிரித்தார். அக்கா போன பிறகு அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று அம்மா அப்புறம் சொன்னாள்.

பந்தைக் கையில் உருட்டிப் பார்த்தபடி என் அருகே வந்தார். “அங்க இத யாரு பிடிப்பா?”

“ஹெலன்னு ஒருத்தி.”

“ஒன்னத் தேடுவாளா?”

“தேடுவா.”

பந்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “அத்தகிட்ட நான் பேசிக்கிடுதேன். ஒன்ன எஸ்தர் எடத்துல வச்சுப் பாக்க என்னால முடியல, ஞானம். நீ சரின்னுட்டா நானும் சரின்னுருவேன். அதான் பயந்துக்கிட்டே இருந்தேன்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுப்பதற்கு முன்பே மறுக்கப்பட்டுவிட்ட சின்ன வலியும் கூடவே இருந்தது. அந்த மனிதர் மேல் அக்காவுக்கு ஏன் அவ்வளவு பிரியம் என்று அப்போது தெரிந்தது. குழந்தை என் அம்மாவிடமே வளர்வது என்று ஆயிற்று. ஆஸ்பத்திரி மறுபடி என்னைக் கூப்பிட்டு எழுதியதும் கிளம்பினேன். அம்மா ஸ்டேஷனுக்கு வந்தாள், முகம் கொடுக்கவில்லை. வண்டி நகர்ந்தபோது மட்டும், “போய்ச் சேந்ததும் எழுது” என்றாள்.

ஒஹையோவுக்கு வந்து சேர்ந்த வாரமே ஓர் ஆட்டம். ஓடுகிறவள் தொடவேண்டிய நாலு முனைகளில் மூன்றாவதில் எதிரணிக்காரி ஒருத்தி ஓடத் தயாராக நின்றாள். அடித்த பந்து உருண்டு நேராக என்னிடம் வந்தது, குனிந்து எடுத்தேன். இந்த ஆட்டத்தில் ஓடுகிறவள் கடைசியாக வந்து தொடவேண்டிய, தரையில் பதித்த தட்டுக்குப் பெயர் ஹோம், அதாவது வீடு. ஓடி வருகிறவளை முந்திப் பந்தை அங்கே எறி என்று ஹெலன் இரு கைகளையும் விரித்துக் கத்தினாள். “ஹோம்! நானா, ஹோம்!” எத்தனையோ முறை கேட்ட சத்தம்தான். அன்று மட்டும் ஒரு கண நேரம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் பந்தும் கையுமாக நின்றுவிட்டேன். பிறகு எறிந்தேன். அதற்குள் ஓடிவந்தவள் வீடு போய்ச் சேர்ந்திருந்தாள்.