சவுரிராயனின் மோவாய்

ஒரு மனிதனின் மோவாய் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? அவன் கழுத்தா, அவன் பிறந்த தெருவா, அல்லது விழுப்புரத்தில் மூக்குக்கண்ணாடி விற்கும் ஒருவரா? சவுரிராயன் இப்படியெல்லாம் யோசிக்கிறவரில்லை. ஒலக்கூர் வட்டாரத்துக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போய்க் குழந்தைகளுக்கு அம்மை குத்துவது அவர் வேலை. நின்று யோசித்தால் குழந்தைகள் ஓடிவிடும்.

ஊருக்குள் நுழையும்போது அவர் மணி அடிப்பதே இல்லை. அடித்தால் பாதிப் பிள்ளைகள் நெல் குதிருக்குள் போய்விடும், மீதிப் பிள்ளைகள் கரும்புக் கொல்லைக்குள். கையில் சிக்கிய பிள்ளையிடம் எப்போதும் ஒரே வார்த்தைதான்: "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் கண்ணு. அதுவும் சின்ன எறும்பு." தோளுக்குக் கீழே ஒரு சொட்டு மருந்து வைத்து, ஊசி என்று எல்லோரும் சொல்லும், பல் வைத்த சின்ன வட்டத் தகட்டை அதன்மேல் அழுத்தித் திருகுவார். பிள்ளை அழ ஆரம்பிப்பதற்குள் அடுத்த பிள்ளையின் கை அவர் கையில் இருக்கும்.

நாற்பத்தாறு வயதில் இந்த வேகம் குறைந்தது. எட்டத்தைப் பார்க்க அவர் சின்ன வயதிலிருந்தே கண்ணாடி போட்டவர். இப்போது அதைப் போட்டால் ஊசி தெரியவில்லை. கழற்றினால் ஊசி தெரிந்தது, ஓடும் பிள்ளை தெரியவில்லை. கண்ணாடியோடேயே சமாளிக்கலாம் என்று குழந்தையின் கையைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"புள்ளைங்களுக்குக் கை நீளம் பத்தலைன்னு கவர்மெண்டுக்கு எழுதிப் போடு" என்றாள் மனைவி லூர்துமேரி.

திண்டிவனத்திலிருந்து ரயிலேறி விழுப்புரம் போனார்கள். கண்ணாடிக் கடை ராஜாமணி இரண்டு வழி சொன்னார். எட்டத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடலாம். அல்லது ஒரே கண்ணாடியில் மேலே எட்டமும் கீழே கிட்டமும்.

"ஒரு கையிலே புள்ள கை, ஒரு கையிலே ஊசி. மாத்திப் போட மூணாவது கைக்கு எங்கங்க போறது?" என்று சவுரிராயன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

அடியில் அரை நிலா போல ஒரு சில்லு ஒட்டிய கண்ணாடி அடுத்த வாரம் கடைக்கு வந்தது; இருவரும் மறுபடி போனார்கள். ராஜாமணி அதை மாட்டிவிட்டுப் பாடம் சொன்னார்: "எட்டத்துக்குக் குனிங்க, கிட்டத்துக்கு நிமிருங்க. கண்ணை ஆட்டாதீங்க, கழுத்தை ஆட்டுங்க." திண்டிவனம் வரும்வரை சவுரிராயன் இதை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "செபமாலை சொல்றப்போ இந்த பக்தி காணோமே" என்றாள் லூர்துமேரி.

வீட்டுக்குள் பாடம் சரியாக வந்தது. சைக்கிள் மேல் வரவில்லை. பழக்கத்தில் கண்ணை மட்டும் தாழ்த்தினால் பாதை கலங்கிப் பெருத்து, குழிகள் பெடல்வரைக்கும் எழும்பி வந்தன. அதனால் முட்ட வரும் மாடு மாதிரி தலையைக் கவிழ்த்துக்கொண்டே ஓட்டினார். சைக்கிளை விட்டு இறங்குவதுதான் பெரிய பாடாக இருந்தது. தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரிந்தது, கண் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஒலக்கூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே நிலக்காரர்கள் குடியிருக்கும் பெரிய தெருவில், சேரியில் பிறந்தவர்கள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போவதில்லை. கோயில் முனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். அதற்குச் சட்டம் ஏதும் கிடையாது. சட்டமாக இருந்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். சவுரிராயனும் அரசாங்கப் பையோடு பத்து வருஷமாக இறங்கித் தள்ளியவர்தான். புதுக் கண்ணாடியோடு போன அன்றும் இறங்கத்தான் பார்த்தார். தரை ஒரு சாண் மேலே தெரிந்தது. கால் காற்றில் நின்றது. சைக்கிள் அவரைச் சுமந்துகொண்டு பாதித் தெரு ஓடி, பெரிய வீட்டுத் தாண்டவராயன் முன்னால் கடலை ஆய்ந்துவிட்டுக் காயப்போட்டிருந்த மல்லாட்டைக் கொடிப் போரில் போய்ச் செருகியது.

அதையாவது தாண்டவராயன் மன்னித்திருப்பார். சவுரிராயன் எழுந்து, கொடியைத் தட்டிவிட்டு, அவருடைய பேத்தியின் கையைப் பிடித்தார். ஊசியைப் பார்க்க வேண்டும். நிமிர்ந்தார். குழந்தைக்குப் பின்னால் நின்ற தாண்டவராயனுக்குத் தெரிந்ததெல்லாம், தன் முகத்துக்கு நேரே தூக்கிய ஒரு மோவாயும், அதற்கு மேலே பாதி மூடிய இரண்டு கண்களும்தான்.

"பாருங்கய்யா! எட்டத்துல வர்றப்போ தலையைத் தொங்கப்போட்டுகினு வர்றான். கிட்ட வந்ததும் எனக்கே மோவாயைத் தூக்கிக் காட்டறான். அரைக்கண்ணு பார்வை வேற!" பேத்தியைப் பிடுங்கிக்கொண்டார். "இவன் குத்தறதா இருந்தா இந்தத் தெருவுல ஒரு புள்ளையும் வராது."

"ஐயா, கண்ணாடி அப்படிங்க. எட்டத்துக்குக் குனியணும், கிட்டத்துக்கு..."

"கண்ணாடி எனக்குப் பாடம் சொல்லுதா?"

ஹெல்த் இன்ஸ்பெக்டர் சீனுவாசனுக்குப் புகார் போயிற்று. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "மோவாய்க்கெல்லாம் நான் ரிப்போர்ட் எழுத முடியாதுய்யா. பக்கத்து ஊர்ல ரெண்டு வூட்ல அம்மை போட்டிருக்கு. அந்தத் தெருவுல முப்பத்தெட்டு புள்ளைங்க பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கலேன்னா உன்னைக் கல்வராயன் மலைப்பக்கம் தூக்கிடுவாங்க. அந்தப் பெரிய தெருவுல மட்டும் கொஞ்சம் குனிஞ்சுதான் குத்தேன்."

சவுரிராயன் வியாழக்கிழமை போனார். கோயில் முனைக்கு ஒரு பர்லாங் முன்னாலேயே இறங்கித் தள்ளினார். இந்தத் தடவை குனிந்தே குத்துவார் என்று சீனுவாசன் தாண்டவராயனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் நாற்காலி போட்டுக்கொண்டு, மோவாயைக் கண்காணிக்க உட்கார்ந்திருந்தார். சவுரிராயன் தலையைத் தாழ்த்தினார். பேத்தியின் கை பஞ்சுமிட்டாய் மாதிரி கலங்கித் தெரிந்தது. குறிபார்த்து, அழுத்தி, திருகினார். குழந்தை அழவில்லை. அவர்தான் "ஆ" என்றார். தன் கட்டைவிரலுக்கே அம்மை குத்திக்கொண்டுவிட்டார்.

தெரு சிரித்தது. தாண்டவராயனின் மனைவி அஞ்சம்மாள் சிரிக்கவில்லை. விரலில் வந்த ரத்தத்தையும் பேத்தியின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அம்மை வந்தா அது உங்க மீசையைப் பாத்துகினு திரும்பிப் போயிடுமா? அந்த ஆளு மோவாய் எங்கியோ இருந்துட்டுப் போவுது. ஊசி புள்ள கையில எறங்குதா, அத்தப் பாருங்க." சவுரிராயனிடம் சொன்னாள்: "நீ நிமிந்தே குத்துப்பா."

தாண்டவராயன் எழுந்து போகவில்லை. போனால் தோற்றதாகிவிடும். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் முடியும்வரை தன் எருமையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சவுரிராயன் முப்பத்தெட்டு தடவை நிமிர்ந்தார். இதைத் துணிச்சல் என்று சொல்லிவிட முடியாது. ஊசி தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மறுமாதம் லூர்துமேரியின் கண்ணைக் காட்ட இருவரும் விழுப்புரம் போனபோது, ராஜாமணி சவுரிராயனைத்தான் உற்றுப் பார்த்தார்.

"இன்னாங்க இது, காக்கா பறக்கறதைப் பாக்கற மாதிரி? ஐயையோ, கண்ணாடி மூக்குல எறங்கி நிக்குது. தப்பு எங்களுதுதாங்க. இவ்வளோ நிமிர வேண்டியதே இல்லை. மூக்குப் பிடியைக் கொஞ்சம் வளைச்சா ஏத்தமா நிக்கும், நேரா இருந்தாலே ஊசி தெரியும். ரெண்டு நிமிஷம். கழட்டுங்க."

சவுரிராயன் கழற்றினார். துண்டு நுனியால் இரண்டு பக்கமும் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ராஜாமணி குறட்டோடு கையை நீட்டியபடி நின்றார்.

"வேணாங்க" என்று சவுரிராயன் கண்ணாடியைத் தன் மூக்கிலேயே மாட்டிக்கொண்டார். "இப்படியே இருக்கட்டும்."

"சும்மா செஞ்சு தர்றேன்னுதானே சொல்றாரு? குடுத்தா இன்னா?" என்றாள் லூர்துமேரி. "இத்தனை பேஜாரும் அதாலதானே!"

சவுரிராயன் கடைவாசலில் நின்று சட்டைப்பையிலிருந்து திண்டிவனம் டிக்கெட்டை எடுத்தார். மோவாயை நன்றாகத் தூக்கி, அதிலிருந்த எழுத்தையெல்லாம் ஒன்று விடாமல் படித்தார்.