ஒரு புடவையும் வாங்காதவர்

என் வீட்டுக்காரருக்கு இருமல் நிற்கவேயில்லை. தனியார் மருத்துவர் பரிசோதித்துவிட்டு டி.பி. என்றார்.

"யாருக்கும் சொல்லாதீங்க சார்," என்று கெஞ்சினேன். தெருவுக்குத் தெரிந்தால் என் பிள்ளைகளோடு யார் விளையாடுவார்கள்? முதலாளி நெய்வதற்குப் பட்டு கொடுப்பாரா?

"கவர்மெண்ட்டுக்குச் சொல்லித்தான் ஆவணும்மா, சட்டம். வீட்டுக்கு ஆளு வருவாங்க."

தறிக்கும் அடுப்புக்கும் நடுவே ஏற்கெனவே ஓய்ந்துபோயிருந்தேன். இனி இந்த அவமானமும் வேண்டுமா என்று அந்தச் சட்டத்தை வாய்விட்டே திட்டினேன்.

இரண்டொரு நாளில் ஓர் அம்மா வாசலில் வந்து நின்றார். எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டிருக்க, உரக்கக் கேட்டார்: "இங்க பட்டுப் பொடவை கெடைக்குமாமே, காட்டுறியாமா?"

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்குப் புடவை கேட்டு யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். உள்ளே அழைத்தேன். கதவைச் சாத்தியதும் அந்தம்மா குரலைத் தாழ்த்தினார்.

"டி.பி. ஆபீஸ்லருந்து வரேன்மா. மாத்திரை இலவசம்தான். நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க. பசங்களுக்கும் டெஸ்ட் எடுத்துடலாம்."

அந்தம்மாவை அனுப்பியது சட்டம். புடவை கேட்டது அவராகச் செய்தது.

சிகிச்சை முடியும்வரை வந்தார். "இத்தினி வாட்டி வந்துக்கினு இருக்காங்க, ஒரு பொடவைகூட எடுக்கலியா?" என்று எதிர்வீட்டு அக்கா சிரிப்பார்.

வீட்டுக்காரர் குணமாகி மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டார். நேற்று வாசல் பெருக்கும்போது, சில நாளாக இருமல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு வாசலில் அதே குரல் கேட்டது: "பட்டுப் பொடவை காட்டுறியாமா?"

அக்கா வெளிறிப்போய் என்னைப் பார்த்தார்.

"பொடவை பாக்கத்தான்க்கா வந்திருக்காங்க. உள்ள கூப்டு," என்றேன்.

அக்கா அந்தம்மாவை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.