வெள்ளிக்கிழமை வந்த ரசம்

சென்ற வியாழக்கிழமை பிற்பகல், ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் என் கணவர், டியூட்டி முடியும் முன்பே வீட்டுக்கு வந்து நின்றார். குடை கையில் இருந்தது. அதை விரிக்கத் தோன்றாமல் தொப்பலாக நனைந்து வந்திருந்தார். "அண்ணி போயிட்டாங்க, ரோசலி" என்றார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் அவருடைய அண்ணன், ரயில்வே போனில் சேதி சொல்லியிருக்கிறார். ஒரு வாரமாக நெஞ்சுச் சளி, மூச்சிரைப்பு. ஐப்பசி அடைமழையில் எல்லோருக்கும் வருவதுதானே என்று இருந்துவிட்டோம்.

அழுகைச் சத்தம் கேட்டு எங்கள் வீட்டுக்காரம்மாள் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "பெருமாள் உங்களுக்குத் தைரியத்தைக் கொடுக்கட்டும். ஆத்தைப் பத்திக் கவலைப்படாதீங்கோ, நான் பாத்துக்கறேன், போயிட்டு வாங்கோ" என்றார். நல்ல மனுஷி. ஆனால் அன்று எனக்கு அவருடைய பெருமாளும் வேண்டியிருக்கவில்லை, எங்கள் சர்வேசுரனும் வேண்டியிருக்கவில்லை. பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை யாரிடமாவது சண்டை போட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

சவரியம்மாள் அக்கா எனக்கு ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி. ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் பாலக்கரை வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, ஒரே உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும் என்று என் அம்மா பயந்தார். முதல் நாள் காலையிலேயே அக்கா அந்தப் பயத்தைத் தீர்த்துவிட்டார். அடுப்படியில் நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, "உக்காரு. முதல்ல காப்பி குடி. வேலை எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். மாமியார் இல்லாத வீடு. அதிகாரம் செய்ய நினைத்திருந்தால் செய்திருக்கலாம். அவருக்கு அதற்கு நேரமில்லை, எப்போதும் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த அடுப்படியில் கடிகாரம் கிடையாது. அக்கா செபங்களை வைத்துத்தான் நேரம் பார்ப்பார். முட்டை வேக இத்தனை பிரியதத்த மந்திரம், சோறு வடிக்க விசுவாச மந்திரம், ரசம் நுரை கூடி வரும்போது ஒரே ஒரு பரலோக மந்திரம். "ஆமென்" என்றதும் துணியைப் பிடித்துச் சட்டியை இறக்கிவிடுவார். அவர் ரசம் ஒரு நாளும் பொங்கியதில்லை. "ஏன்க்கா, சர்வேசுரனுக்குச் செபம் சொல்றீங்களா, ரசத்துக்குச் சொல்றீங்களா?" என்று நான் கேலி செய்வேன். "ரெண்டும் அவருதானடி குடுத்தது" என்பார். கோயிலில் முழங்காலில் இருக்கும்போது தூங்கி வழிகிற எனக்கு, செபம் என்றால் இன்றும் கொத்துமல்லி வாசனைதான் வருகிறது.

மழைக்காலம் வந்துவிட்டால் அக்காவுக்குக் கை நிற்காது. சுக்கும் மல்லியும் தட்டிப்போட்ட காப்பி, கொள்ளு ரசம், சுடுசோற்றில் பூண்டுக்குழம்பு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நெஞ்செலும்பு ரசம். ஓடு ஒழுகும் இடத்தில் அண்டாவை வைத்துவிட்டு, ஒழுகாத இடத்தில் எங்களை உட்கார வைத்துப் பரிமாறுவார். நனைந்த துணி கொடியில் நாறிக் கிடக்கும். அந்த ரசம் தொண்டையில் இறங்கும்போது, உலகத்தில் ஒரு குறையும் இல்லை என்று தோன்றும். எனக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டு மைமூன் அக்காவுக்கும் அப்படித்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த குட்டைச் சுவருக்கு மேலே தூக்குச்சட்டிகள் போவதும் வருவதுமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை மட்டும் வேறு. அன்று சுத்தபோசனம். கறி, கறிச்சாறு எதுவும் அந்த வீட்டு வாசற்படி ஏறாது. அந்தக் காலத்துக் கத்தோலிக்க வீடுகளில் இது ஒன்றும் அதிசயமில்லை. மீறினால் பாவம் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும்.

அக்காவுக்கு ஒரே பிள்ளை, அருளப்பன். எட்டு வயது. அந்த வருஷம்தான் வெள்ளைச் சட்டை போட்டுப் புதுநன்மை, பூசையில் முதல் முதலாகக் கொடுக்கும் அப்பம், வாங்கியிருந்தான். சாப்பாட்டு ராமன். அவனுக்கு ஒரு ஐப்பசியில் டைபாய்டு வந்தது. காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்து, பிள்ளை நாராகிவிட்டான். கஞ்சியை வாயில் வைத்தால் துப்பினான். டாக்டர் ஒரு காலையில் வந்து பார்த்துவிட்டு, "கஞ்சி வேணாம்னா விடுங்கம்மா. ஆட்டெலும்பு ரசம் தெளிவா இறுத்து ரெண்டு வாய் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று வெள்ளிக்கிழமை.

சுவருக்கு அந்தப் பக்கம் மைமூன் அக்காவுக்கு அது கேட்டிருக்கிறது. மத்தியானத்துக்குள் தூக்குச்சட்டியோடு வந்துவிட்டார். "இன்னைக்கு ஜும்மா, நல்ல நாளு. புள்ளைக்குக் குடு சவரி, எந்திரிச்சு உக்காந்துருவான்" என்றார். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கி, அடுப்பு மேடையில் மூடி வைத்தார்.

வாசனை வீடெல்லாம் பரவியது. இரண்டு நாளாகக் கண் திறக்காத பிள்ளை கண் திறந்தான். "அம்மா, ரசம் குடும்மா" என்றான்.

"விடிஞ்சதும் தரேன்யா. இன்னைக்கு வெள்ளிக்கிழமையில்ல?"

"கொஞ்சூண்டும்மா."

என்னால் பொறுக்க முடியவில்லை. "குடுத்துடுங்கக்கா, என்ன பாவம் வந்தாலும் என் தலையில வரட்டும்" என்றேன். அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். "அவன் உசிருக்காகத்தான் புள்ள ராவும் பகலும் மன்றாடிக்கிட்டு இருக்கேன். இன்னைக்குப் பாத்து அவரு கட்டளைய மீறுனா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாளைக்குக் கேப்பேன்?" என்றார். மறுபடி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஈரத்துணியால் பிள்ளையின் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவன் இன்னும் இரண்டு தடவை கேட்டான். பிறகு கேட்கவில்லை.

சனிக்கிழமை கோழி கூவும் முன்பே அருளப்பன் போய்விட்டான். குடல் ஓட்டையாகியிருக்கிறது, எதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அடக்கம் முடிந்து மைமூன் அக்கா தூக்குச்சட்டியை எடுக்க வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார். அப்படியே மூடி எடுத்துக்கொண்டு போனார். ஏன் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அக்கா உடைந்துபோவார் என்று நினைத்தோம். உடையவில்லை. வெள்ளிக்கிழமையை முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். அன்று முழுவதும் ஒருசந்தி இருந்தார், ஒரே வேளைச் சாப்பாடு. அடுப்படியில் செபம் முன்போலவே நடந்தது. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அக்காவின் எலும்பு ரசம் போகும், வெள்ளிக்கிழமை தவிர. தான் மட்டும் அதைத் தொடமாட்டார். எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. பிள்ளையையே விலையாகக் கொடுத்து வாங்கிய நாள் அல்லவா அது? அதை எப்படிக் கைவிடுவார்?

பிறகு என் கணவருக்கு ஸ்ரீரங்கத்துக்கு மாற்றலாயிற்று. கறி, மீன் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வீடு கிடைத்தது. அதைச் சொன்னபோது அக்கா, "உனக்கு வாரத்துல ஏழு நாளும் வெள்ளிக்கிழமைன்னு சொல்லு. நேரா மோட்சந்தான்" என்று சிரித்தார். பிள்ளை போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலக்கரைக்குப் பூசைக்குப் போவோம், அக்கா கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம்.

அறுபதுகளின் நடுவில் கோயிலில் ஒவ்வொன்றாக மாறியது. லத்தீன் போய்த் தமிழ் வந்தது. எனக்குச் சந்தோஷம்தான், தூங்காமல் கேட்கலாம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தில், இனி வெள்ளிக்கிழமை கறி சாப்பிடுவது பாவமில்லை, அதற்குப் பதிலாக வேறு ஒரு தவமோ தர்மமோ செய்துகொள்ளலாம் என்று அறிவித்தார். ஆண்கள் பக்கம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் அக்கா சாமியார் பங்களாவுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். புதிதாக வந்த இளவயதுச் சாமியார், அக்காவின் கதை அவருக்குத் தெரியாது.

"சாமி, ஒரு சந்தேகம். நேத்துவரைக்கும் பாவம், இன்னைக்குப் பாவமில்லைன்னா எப்படிங்க சாமி?"

"அது திருச்சபை போட்ட கட்டளைம்மா. போட்டவங்க மாத்தலாம். பத்துக் கட்டளை மாதிரி இல்ல."

அக்கா ஓரடி முன்னால் போனார். "அப்ப, முன்னாடி காலத்துல... காய்ச்சல்ல கெடக்குற புள்ளைங்களுக்கு?"

"சீக்காளிகளுக்கு எப்பவுமே விலக்கு உண்டேம்மா! அன்னைக்கும் உண்டு. டாக்டர் சொன்னா தாராளமாக் குடுத்திருக்கலாம்" என்றார் அந்த நல்ல மனிதர், நல்ல சேதி சொல்லும் முகத்தோடு.

"அப்படிங்களா சாமி" என்றார் அக்கா. ஸ்தோத்திரம் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்று என்னென்னவோ சொன்னேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் அக்கா நின்றார்.

"செத்துத்தான் போயிருப்பான். தெரியும். அவன் எங்கிட்ட உசிரையா கேட்டான் ரோசலி? ரசந்தான கேட்டான்" என்றார்.

வேதம் படித்த யாருக்காவது இதற்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மனம் கேட்காமல் அந்த வாரம் வெள்ளிக்கிழமையே பாலக்கரைக்குப் போனேன். அடுப்பில் எலும்பு கொதித்துக்கொண்டிருந்தது. தெருக்கோடி வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சலாம். மிளகும் சீரகமும் தட்டிப்போட்டார். நுரை கூடி வந்தது. அக்காவின் உதடு அசையும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அந்த வீட்டில் ரசம் பொங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்கா சாம்பலை வழித்துப்போட்டுவிட்டு அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.

அதன் பிறகும் அவர் பூசைக்குப் போனார், நன்மை வாங்கினார், கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். பார்த்தவர்கள் ஒரு வித்தியாசமும் கண்டிருக்க முடியாது. ஆனால் அடுப்படியில் சத்தம் இல்லை. சோறு சில நாள் குழைந்தது, சில நாள் விதை விதையாக இருந்தது. சென்ற மாதம் கடைசியாகப் பார்த்தபோது துணிந்து கேட்டுவிட்டேன், சர்வேசுரன் மேல் கோபமா என்று. "கோவமெல்லாம் இல்லடி. பேசுறதில்ல, அவ்வளவுதான்" என்றார், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

கடைசி நேரத்தில் பேசினாரா என்று தெரியாது. சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கச் சாமியார் வந்தபோது அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது. அடக்கத்தன்று கோயிலில் அவரை விசுவாசத்தின் தூண் என்றார்கள். நான் எழுந்து கத்தாமல் இருந்ததற்கு என் கணவர் என் கையைப் பிடித்திருந்ததுதான் காரணம். தூண் அல்ல, ஐயா. ஒரு தாய். பதில் சொல்லாத ஒருவரிடம் தன் பிள்ளையின் கடைசிப் பசியைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, கொடுத்திருக்கவே வேண்டாம் என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டவர்.

மகன் பக்கத்திலேயே குழி கிடைத்தது. குழிக்குள் மழைத் தண்ணீர் நின்றதால் இறைத்துவிட்டுத்தான் இறக்கினார்கள். வீடு திரும்பினோம். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. சாவு வீட்டில் அன்று சமைக்க மாட்டார்கள். அக்காவின் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்டாவில் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போது மைமூன் அக்கா வந்தார். வயதாகிவிட்டது, இப்போது சுவர் பக்கம் வர முடியாது, தெருவைச் சுற்றித்தான் வருகிறார். கையில் அதே தூக்குச்சட்டி. மூடியைத் திறந்ததும் எலும்பு ரசத்தின் வாசனை வீடெல்லாம் பரவியது. அன்றும் வெள்ளிக்கிழமை.

தம்ளர்களில் அவரே ஊற்றினார். அக்காவின் கணவர் கையில் ஒன்றைக் கொடுத்து, விரல்களை மடக்கிப் பிடிக்கவைத்தார். "சூடா இருக்கையிலயே குடிங்க தம்பி. நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார்.

குடித்தோம். ருசியாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

போய் வாருங்கள், அக்கா. மோட்சம் என்று ஓர் இடம் இருக்கிறதா என்று எனக்கு இந்த வாரம் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. இருந்து, அங்கே அவன் உங்களைக் கண்டு ஓடி வந்தால், சர்வேசுரனோடு அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் அடுப்பைப் பற்றவையுங்கள். என்ன கிழமை என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள்.