ஏழாம் எண்ணுக்குப் பொருள் கேட்டவர்

தாவூத் பாய் காலமானார் என்ற தந்தி செவ்வாய்க்கிழமை காலை சென்னையில் என் அலுவலகத்துக்கு வந்தது. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பத்தாறெல்லாம் சாகிற வயதா? பஸ் பிடித்து அவர் ஊரான கூனிமேடு போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மரக்காணம் உப்பு அலுவலகக் கவுன்டரில் அவர் முன்னால் நின்ற உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஆனால் சென்னைக்கு வந்து அவர் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. அது என் மானம் போன கதை. நான்தான் சொல்ல வேண்டும்.

உப்புப் பாத்திகளின் குத்தகைப் புதுப்பிப்பை முதன்முறையாகக் கம்ப்யூட்டரில் போட்ட ஆண்டு அது. அதற்கு புரோகிராம் எழுதியவன் நான். மனுக்கள் துளையிட்ட அட்டைகளாக உள்ளே போகும். ஏற்காத மனுவுக்கு, வெளியே வரும் பட்டியலில் பெயருக்கு நேரே ஓர் எண் விழும். ஏழு என்றால் ‘பழைய பதிவோடு ஒத்துவரவில்லை’ என்று பொருள். பச்சையம்மாள் என்ற உப்பளக்காரப் பெண்ணுக்கு ஏழு விழுந்தது. இன்னும் பத்து நாளில் பட்டியல் உறுதியாகிவிடும். பாத்தி வேறொருவருக்குப் போய்விடும். தை பிறந்து ஊரே பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தது. கணவரை இழந்த அந்த அம்மாளுக்கு அதை விட்டால் வேறு பிழைப்பில்லை.

அந்த ஆண்டுதான் மரக்காணம் கவுன்டருக்கு மாற்றலாகி வந்திருந்த பாய், பட்டியலோடு சென்னைக்கே நேரே என்னிடம் வந்தார்.

“சார், ஏழுன்னா எது ஒத்து வரல? பேரா, அப்பன் பேரா, பாத்தி நம்பரா?”

“கம்ப்யூட்டர் பாத்து முடிவு பண்ணிடுச்சு. அப்படியே சொல்லிடுங்க.”

“கம்ப்யூட்டர் என்ன கலெக்டருக்கு மேலயா? கலெக்டரே மனு கொடுத்தா வாங்கிப் பாக்குறாரு சார்.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த வீம்பில், கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று மூன்று பக்கம் எழுதி, சுவரில் ஒட்டுங்கள் என்று கொடுத்தனுப்பினேன். நல்ல தமிழில்தான் எழுதினேன்.

நான்காம் நாள் மறுபடி வந்து நின்றார். கையில் பழைய பட்டியல் தாள். பின்பக்கம் முழுக்க அவர் கையெழுத்து. கவுன்டருக்கு வந்தவர்கள் கேட்டதையெல்லாம் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வைத்திருந்தார். “நான் இப்ப என்ன பண்ணணும்?” “எந்தப் பேப்பர் கொண்டாரணும்?” “இது நான்தானா, வேற பச்சையம்மாவா?” “போன வருஷம் சரியா இருந்தது இந்த வருஷம் எப்படிங்க தப்பாச்சு?” கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

“என் மூணு பக்கம்?” என்றேன்.

“ஒட்டிட்டேன் சார். நின்னு பாக்குறாங்க. அப்புறம் என்கிட்ட வந்து, ‘ஏழுன்னா இன்னா பாய்?’ன்றாங்க.”

எங்கள் மெஷினுக்குத் தமிழ் அடிக்கத் தெரியாதே என்று கடைசியாக ஒரு சாக்குச் சொன்னேன்.

“நம்பர் அடிக்கும்ல? எது ஒத்து வரலையோ, அந்தப் பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல போடுப்பா. நம்பர் எல்லாருக்கும் தெரியும்.”

‘சார்’ எப்போது போனது என்று இருவருமே கவனிக்கவில்லை. என் மேலதிகாரி மெஷினில் நேரம் தர மறுத்தார். பாய் வாசல் அறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “காரணத்தைச் சொன்னாத்தானே அவங்க இல்லைன்னு சொல்ல முடியும்? வாங்கிட்டுத்தான் போவேன்” என்றார். திறக்கும்போது வருவார், மூடும்போது போவார். இரண்டாம் நாள் சாயங்காலம், “முதல்ல அந்த மனுஷனை ஊருக்கு அனுப்புய்யா” என்று மேலதிகாரி அரை மணி நேரம் கொடுத்தார்.

புதுப் பட்டியலோடு நானும் மரக்காணம் போனேன். பச்சையம்மாள் பெயருக்கு நேரே 41, 58 என்று இருந்தது. பாய் விரல் வைத்துக் காட்டினார். “இது போன வருஷத்துப் பாத்தி, இது இந்த வருஷத்துது.”

“அட, இதுக்கா இம்மாம் அலைச்சல்! இது மாத்துப் பாத்திங்க. வாய்க்கா ஓரத்துது ஒரு வருஷம் எனக்கு, ஒரு வருஷம் எங்க நாத்தனாருக்கு. தூரத்துப் பாத்திக்கு ஒருத்தியே எத்தினி வருஷம் தண்ணி இறைப்பா? உங்க மிஷினுக்கு இது தெரியாதா?”

தெரியாது. மிஷினுக்கு எழுதிக் கொடுத்தவனுக்கே தெரியாது. பாத்தி எண் ஆண்டுக்கு ஆண்டு மாறாது என்று நானே முடிவு செய்து எழுதியிருந்தேன். ஏழு விழுந்தவர்களில் பெரும்பாலோர் இப்படி மாற்றிக்கொண்டவர்கள்தான். மூன்று நாளில் திருத்தினேன். அந்த அம்மாளின் பாத்தி அவருக்கே வந்தது. “ஏம்பா, படிச்சவரே, வந்து ஒரு நாள் இறைச்சுப் பாரு” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்றிலிருந்து பாய் என்னை ‘ஏழு’ என்றே கூப்பிட்டார். சென்னைக்கு வந்தால், “ஏம்பா ஏழு, டீ சொல்லு” என்றபடிதான் நுழைவார். எரிச்சலாக இருக்கும். இனி அப்படிக் கூப்பிட ஆளில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம். நான் எழுதும் புரோகிராம் ஒருவருக்கு ‘இல்லை’ என்று சொன்னால், ‘அது தப்பு’ என்று அவர் திருப்பிச் சொல்லத் தேவையான விவரத்தையும் அதே வரியில் கொடுத்தாக வேண்டும். காகிதம் வீணாகிறது, அந்த இரண்டு எண்களையும் எடுத்துவிடு என்று இந்த வாரம் எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் முடியாது என்பதையும் அதன் கீழேயே எழுதியிருக்கிறேன். நான் சொல்வது தப்பு என்றால், அவர்களும் மறுத்துப் பேசட்டும்.