சிரித்தால் உள்ளே விடுவாள்

"பதினோராம் நம்பர் ரூம் ஃபேன் எப்படி ஓடும்?"

கேட்டுவிட்டு மாரிசெல்வி போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறாள். இன்னொரு கை ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் தூக்கியபடியே நிற்கிறது. ஆதார் நகலுக்கு வந்தவர் கண்ணாடி மேசையை விரலால் தட்டுகிறார். அவள் திரும்பவில்லை. மறுமுனையில் ஒரு பெண் குபீரென்று சிரிக்கிறாள். "அது எங்கக்கா ஓடுச்சு? குச்சிய வச்சுத் தள்ளிவிட்டாத்தான சுத்தும்." மாரிசெல்வியின் தோள் இறங்குகிறது. மூடியைச் சாத்திப் பொத்தானை அழுத்துகிறாள்.

போன ஆடியிலிருந்து பதில் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதற்கு முன்னால் ஒரு சிரிப்பு வர வேண்டும். அந்த ஃபேனுக்கு அடியில் வேர்த்துக் கிடந்தவளுக்குத்தான் அந்தச் சிரிப்பு வரும் என்று நம்புகிறாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரை ஒட்டிய சந்தில் அவளுடைய கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். அதற்கு முன் ஆறு வருடம் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நூல் முறுக்கும் ரிங் ஃப்ரேம் மெஷின் ஓட்டினாள். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த முந்நூறு பெண்களில் அவளும் ஒருத்தி. மில்லை மூடியதும் ஆளுக்கொரு திசையாகக் கட்டிக்கொடுக்கப்பட்டுப் போனார்கள். போன் நம்பரெல்லாம் மாறிவிட்டது. நாலு வருடத்துக்கு முன்னால் அவர்களுக்கென்று இணையத்தில் ஒரு தளம் தொடங்கினாள். பெயர் 'டோக்கன்'. மில்லில் ஆளை அழைத்ததே டோக்கன் நம்பரைச் சொல்லித்தான். இன்று அதில் இருநூற்றுப் பதினாலு பேர் இருக்கிறார்கள். புதிதாகச் சேர வருகிறவளிடம் இப்படி மில் கேள்வி கேட்டுத்தான் சேர்ப்பாள்.

வாட்ஸ்அப் குரூப் போதாதா என்று கேட்காதவர் இல்லை. குரூப் என்றால் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேர் புருசன் போனில்தான் பார்க்கிறார்கள். 'டோக்கனி'ல் நம்பர் தெரியாது, ஊர் தெரியாது, படமும் கிடையாது. மில்லின் டைம் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த இர்ஃபானாதான் இதையெல்லாம் எழுதிக்கொடுத்தவள். இப்போது ராஜபாளையத்தில் கணினி சென்டர் வைத்திருக்கிறாள். "ஒங்க பயத்துக்கெல்லாம் நான் கோடு எழுதிக்கிட்டு இருக்கேன்க்கா" என்பாள்.

பயம் மாரிசெல்வியின் உடம்போடு பிறந்தது. ஷட்டரைப் பூட்டி மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். பத்தடி போய்த் திரும்பி வந்து நாலாவது தரமும் இழுப்பாள். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டு கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். அவ்வளவு பயந்தவள்தான் ஒரு தப்பு செய்தாள்.

வெள்ளத்தாய் அவளோடு பக்கத்து ஃப்ரேமில் நின்றவள். சிவகிரிப் பக்கம் வாக்கப்பட்டவள். அவளும் முதலில் புருசன் போனில்தான் 'டோக்கனை'ப் பார்த்தாள். புருசன் அடித்ததில் அவளுடைய இடது மணிக்கட்டு இன்றுவரை முழுதாக மடங்காது. இரண்டு தரம் ஸ்டேஷனுக்குப் போனாள். இரண்டு தரமும் சமாதானம் பேசி அவனோடே அனுப்பிவைத்தார்கள். மூன்றாம் தரம் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். 'டோக்கன்' வழியாகத்தான் சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலையும் ஒரு அறையும் கிடைத்தன. ஒரு வருடம் யாருக்கும் தெரியாமல் ஓடியது.

போன ஆடியில் சேர்க்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் வந்தது. ரத்தினம், வைண்டிங் செக்ஷன். அப்படி ஒருத்தி இருந்தது உண்மை. மாரிசெல்வி கேள்விகளை எழுத்தில் அனுப்பினாள். பாயாசம் போடும் கிழமை, வார்டனுக்கு வைத்த பட்டப்பெயர், ஃபேன், குச்சி, எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. பரீட்சை எழுதினதுபோல ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வந்தது. குரலில் பேசச் சொன்னாள். தொண்டை சரியில்லை என்று எழுதி வந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே, வெள்ளத்தாய் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்ற கேள்வி.

மாரிசெல்வி விண்ணப்பத்தை மூடிவைத்தாள். ஆனாலும் ஒருவேளை நிசமான ரத்தினமாக இருந்தால்? அவளுக்கும் போக்கிடம் இல்லாமல் இருந்தால்? விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்குத் தன் போனிலிருந்தே கூப்பிட்டாள். யாரோ எடுத்தார்கள். பேச்சு இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் உறைத்தது. அவள் போன் நம்பர்தான் கடை போர்டில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதை நெட்டில் தேடினால் கடை பெயரும் தெருவும் வந்துவிடும்.

மூன்றாம் நாள் முற்பகலில் ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. பேச்சில் மரியாதை இருந்தது. உறையிலிருந்து ஒரு கல்யாணப் படத்தை எடுத்து மேசையில் வைத்தான். கலரில் பத்து காப்பி வேண்டும், பொம்பளை முகம் மட்டும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றான்.

மெஷினிலிருந்து வெள்ளத்தாயின் முகம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பத்தொன்பது வயது முகம், தலை நிறையப் பிச்சிப்பூ. மாரிசெல்வி ஒவ்வொரு தாளையும் வாங்கி வாங்கி அடுக்கினாள்.

"எனக்குப் போன் போட்டது நீங்கதானக்கா?" என்றான் அவன்.

ஆன்லைன் வேலை என்றால் ஒரு நாளைக்கு எம்புட்டோ பேருக்குப் போட வேண்டியிருக்கும், ஞாபகம் இல்லை என்றாள். அடுக்கின தாளை உறைக்குப் பக்கத்தில் தள்ளினாள்.

"அவ மில்லுக் கதை அம்புட்டும் எனக்கு மனப்பாடம்க்கா. கல்யாணமான புதுசுல சொல்லிக்கிட்டே இருப்பா. ஃபேனு, குச்சி, பாயாசம். சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவா." காப்பிகளை எண்ணாமல் உறையில் போட்டுக்கொண்டான். "பொறவு வாரேன்."

அவன் சந்து முனை திரும்பியதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மெஷினுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். இர்ஃபானாவுக்குப் போன் செய்தபோது அவள் யோசிக்காமலே சொன்னாள், எல்லாவற்றையும் உடனே அழித்துவிடலாம் என்று. ஒரு பொத்தான்தான், அத்தனை பேரும் இருந்த தடம் தெரியாமல் போய்விடுவார்கள்.

"அழிச்சா வெள்ளத்தாய்க்கு யாருடி இருக்கா?" என்றாள் மாரிசெல்வி.

அழிக்கவில்லை. அதற்குப் பதிலாக 'டோக்கனி'ல் ஒரு வரி எழுதினாள். நம்மாள் ஒருத்திக்கும் அவள் பிள்ளைக்கும் இடம் வேண்டும், யார் என்று கேட்கக் கூடாது. எழுதும்போது இரண்டு தரம் தப்பாக அடித்துத் திருத்தினாள். அரை மணி நேரத்துக்குள் பதினோரு பேர் தனிச் செய்தி அனுப்பினார்கள். மம்சாபுரத்தில் ஒருத்தி மாடி சும்மாதான் கிடக்கிறது என்றாள். கான்சாபுரத்தில் ஒருத்தி மோட்டார் ரூமைக் கழுவிவிடுகிறேன் என்றாள். செட்டியார்பட்டியில் ஒருத்திக்கு மாமியாரிடம் என்ன சொல்வது என்பது மட்டும்தான் கவலை. யாரும் யார் என்று கேட்கவில்லை.

அவர்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தாள். தான் போனால் அவன் பின்னாலேயே வருவான் என்று பயந்து அந்த வீட்டுக்காரியையே சத்திரப்பட்டிக்கு அனுப்பினாள். டீ நேரத்தில் கம்பெனி பின்வாசல் வழியாக வெள்ளத்தாய் வெளியே வந்தாள். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு இரண்டு பைகளோடு ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். எந்த ஊர் என்று இர்ஃபானாவிடம்கூட மாரிசெல்வி சொல்லவில்லை. நாலு நாள் கழித்து சத்திரப்பட்டி பஸ் நிறுத்தத்தில் அந்தப் படம் ஒட்டியிருந்ததாக ஒரு உறுப்பினர் எழுதினாள்.

அவன் இப்போது வியாழக்கிழமை தோறும் கடைக்கு வருகிறான். மிரட்டுவதில்லை, ஒன்றும் கேட்பதில்லை. ஏதாவது ஒரு தாளை நீட்டி ஒரு காப்பி எடுத்துக்கொண்டு போகிறான். புதன்கிழமையே அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு வியாழன் கடையைப் பூட்டிப் பார்த்தாள். மறுநாள் வந்து, உடம்பு சரியில்லையாக்கா என்று விசாரித்தான். அதிலிருந்து பூட்டுவதில்லை.

போன வியாழக்கிழமையும் வந்தான். மின்கட்டண ரசீது ஒன்றை நீட்டினான். அவள் கை நீட்டுகையில், இருவருக்கும் நடுவே கண்ணாடி மேசையில் கிடந்த போன் ஒளிர்ந்தது. 'அக்கா, பிள்ளைக்கு இங்க ஸ்கூல்ல' என்று முதல் வரி தெரிந்தது.

மாரிசெல்வி அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். அவன் முகத்தையே பார்த்தபடி, "ஒரு பக்கமாண்ணே, ரெண்டு பக்கமா?" என்று கேட்டாள்.