ஜெபம் வராத காலை

பள்ளியில் அவளுக்கு 'மைக்' என்று பெயர். காலை ஆராதனையின்போது கரண்ட் போனாலும் அவள் ஜெபம் கடைசி வரிசைவரை கணீரென்று கேட்கும். தையல்காரரின் மகள், விடுதியில் தங்கிப் படித்தவள். பத்தாம் வகுப்பிலேயே ஜெபத் தலைவியாகிவிட்டாள். பரீட்சை நெருங்கினால் போதும், வேதபாட வகுப்பில் தூங்கி வழிகிறவர்கள்கூட அவளைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு பாடத்தைச் சொல்லி ஜெபிக்கக் கேட்பார்கள். அவளும் சளைக்க மாட்டாள்.

அடுத்த வருஷம், அவளுடைய அண்ணன் வேலை பார்த்த பட்டறையில் இரும்புச் சட்டம் சரிந்து அவன் தலையில் விழுந்தது. அவன் ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடந்த நாள்களில் பள்ளியே முழங்காலில் நின்றது. அண்ணன் எழுந்து வந்துவிடுவான் என்று அவள்தான் மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னாள். அவன் வரவில்லை.

அடக்கம் முடிந்து அவள் விடுதிக்குத் திரும்பினாள். பழைய வழக்கத்துக்கு வந்தால் மனம் தேறும் என்று நினைத்த தலைமையாசிரியை, மறுநாள் அவளையே ஜெபிக்கச் சொன்னார். அவளும் தட்டாமல் மேடை ஏறினாள். கண்ணை மூடினாள். வாய் எழவில்லை. பின்வரிசையில் செருப்புகள் தரையில் உரச ஆரம்பித்தன.

"எனக்கு ஜெபம் வரலை. வேற யாராவது பண்ணுங்க" என்றாள்.

ஆசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதற்குள் கூடைப்பந்து அணித் தலைவி மேடைக்கு வந்துவிட்டாள். பள்ளியிலேயே உயரமானவள் என்பதால் அவளுக்குப் பட்டப்பெயர் 'குட்டை'. அவளுக்கும் ஜெபத்துக்கும் ஏழாம் பொருத்தம். ஆராதனையில் அவள் ஒழுங்காகச் செய்தது கொட்டாவி விடுவதைத்தான்.

"ஆண்டவரே, இவ அண்ணன் செத்துட்டாரு. நாங்க எல்லாரும் கேட்டோம், நீங்க தரலை. இவளுக்கு உங்க மேல கோபம். எனக்கும்தான். ஆமென்."

திருப்பி ஆமென் சொல்லலாமா கூடாதா என்று கூட்டம் திண்டாடியது. பாதிப் பேர் சொன்னார்கள். மைக் மேடையிலேயே உட்கார்ந்து அழுதாள். அடக்கத்தில்கூட அவள் அழுதிருக்கவில்லை.

வேதபாட ஆசிரியர் குட்டையைக் கூப்பிட்டு விசாரித்தார். கோபப்பட்டதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லையாம். ஆண்டவரை 'நீர்' என்று கூப்பிடாமல் 'நீங்க' என்றதுதான் அவருக்குப் பெரிய மனக்குறையாம். சாப்பாட்டு மேசையில் குட்டை இதைச் சொன்னபோது மைக்குக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது.

ஜெபத் தலைவி வேலையை அவள் விட்டுவிட்டாள். ஆராதனைக்குப் போவதை மட்டும் விடவில்லை. கடைசி வரிசையில் குட்டைக்குப் பக்கத்தில் உட்காருவாள், பாட மாட்டாள். அவள் விசுவாசம் ஆட்டம் கண்டுவிட்டதாகச் சிலர் முணுமுணுத்தார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. ஆட்டம் கண்டது உண்மைதானே என்று நினைத்துக்கொண்டாள்.

பள்ளிப் படிப்பு முடியும் வருஷத்தில், விடுதியில் ஓர் ஆறாம் வகுப்புச் சிறுமி வயிற்று வலியில் துடித்தாள். வார்டன் வண்டிக்குப் போன் செய்துகொண்டிருந்தார். சிறுமி மைக்கின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஜெபம் பண்ணுங்க."

இன்னொரு தடவை வாக்குக் கொடுத்து ஏமாற மைக்கால் முடியாது.

"சரியாயிடும்னு சொல்ல மாட்டேன். ஆண்டவரை உன் கூடவே இருக்கச் சொல்லிக் கேக்குறேன். போதுமா?"

"போதும்க்கா."

தாழ்ந்த குரலில் ஜெபித்தாள். அடுத்த கட்டிலில் இருந்தவளுக்குக்கூடக் கேட்கவில்லை. சிறுமிக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. தேறித் திரும்பி வந்தாள். ஜெபத்துக்குக் கிடைத்த பலன் என்று ஆராதனையில் அதைச் சாட்சியாகச் சொல்லும்படி எல்லோரும் கேட்டபோது மைக் மறுத்துவிட்டாள். இவளுக்குக் கிடைத்தது அண்ணனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை.

இன்றும் இல்லை. ஓர் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இல்லையென்றால் ஆராதனைக்காகக் கோவிலுக்குப் போகிறாள். சில வாரம் பாடுகிறாள், சில வாரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறாள். நோயாளிகள் யாராவது ஜெபிக்கச் சொன்னால், என்ன கேட்க வேண்டும் என்று முதலில் அவர்களிடமே விசாரிக்கிறாள்.