யூனிஃபார்மோடு வீட்டுக்கு வராதீங்க

ராணுவப் படம் என்றால் என்னோடு தியேட்டருக்கு வர ஆள் கிடைக்காது. தலையில் தொப்பியே இல்லாமல் கதாநாயகன் சல்யூட் அடிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொப்பி இல்லையென்றால் விறைப்பாக நிற்பதோடு சரி, தரைப்படையில் சல்யூட் கிடையாது. அப்புறம் காதை மூடும் முடி. குண்டு பாய்ந்த பிறகும் நிற்காத வசனம். நான் பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். பனிமலைக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிப்போகிறவன் ஒருவனாவது படத்தில் வருவானா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

போன மாதம் ஓசூரில் ஒரு தெலுங்குப் படம். கதாநாயகன் என் மனைவிக்குப் பிடித்தவன், அதனால் அவளே "போலாங்க" என்றாள். கிளம்பும்போதே நிபந்தனை: "உள்ள உக்காந்து வாயத் தொறக்கக் கூடாது."

இப்போது நான் ஒரு தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டி. நீலச் சட்டை, தொப்பி, தோளில் பட்டை. சேர்ந்த முதல் நாள் அந்த உடுப்போடு வீட்டு வாசலில் நின்றபோது அவள் முகமே மாறிப்போனது. "இனிமே யூனிஃபார்மோட வீட்டுக்கு வராதீங்க. அங்கயே மாத்திக்கிட்டு வாங்க" என்றாள். ஹவில்தார் பெண்டாட்டிக்கு வாட்ச்மேன் சட்டை கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டு, அவள் ஆமாம் என்றுவிட்டால்? ஷிப்ட் முடிந்து சட்டையை மாற்றும்போதெல்லாம் மனசு சுருக்கென்று குத்தும்.

படத்தின் பாதியில் ஜீப் ஒன்று வந்து நின்றது. யூனிஃபார்மில் இரண்டு பேர் இறங்கிக் கதாநாயகனின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவன் மனைவி தலையைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தாள். நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பேசியது என் மனைவி.

"பைத்தியக்காரி, எதுக்குடி தொறக்கிற?"

முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். பின்னாலேயே ஓடினேன்.

"உங்க ஃப்ரெண்டுங்க ரெண்டு பேரு, நாம அப்ப இருந்த உத்தனப்பள்ளி வீட்டுக்கு வந்தாங்களே, ஞாபகம் இருக்குதா?" என்றாள்.

இல்லாமலா? அதைச் சொல்லித்தானே இத்தனை வருஷம் அவளைக் கேலி செய்கிறேன். நான் காஷ்மீரில் இருந்தபோது, லீவில் ஊருக்குக் கிளம்பிய இருவரிடம் ஒரு பை அக்ரூட் பருப்பு கொடுத்தனுப்பினேன். யூனிஃபார்மிலேயே போங்கடா, பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள் என்று சொல்லி அனுப்பியதும் நான்தான். இவள் கதவைத் திறக்கவேயில்லை. பையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, வந்தவர்களுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கத் தெரியாதா என்று இவளிடம் கத்தினேன்.

"ஜன்னல் இடுக்குல பச்சை உடுப்பு தெரிஞ்சுது. தொறந்தா சொல்லிருவாங்க. தொறக்காத வரைக்கும் நீங்க உசிரோட இருக்கீங்க. 'அண்ணன் நல்லா இருக்காரு அண்ணி'ன்னுதான் கத்துனாங்க. மொதல்ல அப்படித்தானே சொல்லுவாங்க? நீங்க போன்ல திட்டுனப்பறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

"அப்ப என் நீலச் சட்டை?"

"வாசல்ல யூனிஃபார்ம் நின்னா இன்னிக்கும் அதே பயந்தாங்க. உள்ள இருக்கறது நீங்கதான்னு தெரியறதுக்குள்ள உசிரு போயிட்டு வருது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கூடவே வாழ்ந்த எனக்கே தெரியாதது படக்காரனுக்கு எப்படித் தெரியும்? முதன்முறையாக ஒரு படக்காரன்மேல் எனக்கு இரக்கம் வந்தது. மிச்சப் படத்தை நாங்கள் பார்க்கவில்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்து சட்டையை மாற்றியபோது மனசு குத்தவில்லை. தெருமுனையில் திரும்பும்போதே, "நான்தான் வர்றேன்" என்று குரல் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

"தெரியுதுங்க, ஊரையே கூட்டாதீங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் கதவு திறந்திருந்தது.